யார் ஊட்டிய இரும்பு?

“கையை இன்னும் கொஞ்சம் தூக்குங்க சிஸ்டர்... அப்படியே பிடிங்க, ஆட்டாதீங்க!”

மார்க்கர் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்தாள் டாக்டர் திலகவதி. கட்டிலில் காய்ச்சல் வேகத்தில் பிதற்றிக்கொண்டு கிடந்தான் அருள்தாஸ். அவனுடைய வலது கை, இது கையா, வேறு யாருடைய தொடையா என்று சந்தேகம் வரும்படி வீங்கியிருந்தது. முழங்கைக்கு மேலே, காலையில் அவள் போட்டுவிட்டுப் போன நீலக் கோடு. சிவப்பு அதைத் தாண்டி இரண்டு விரற்கடை மேலே ஏறி நின்றது.

திலகவதி புதிதாக ஒரு கோடு போட்டாள். நேற்று ஒன்று, காலையில் ஒன்று, இப்போது இது.

“தோளுக்கு இன்னும் ஒரு சாண்கூட இல்லை,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அறுவை சிகிச்சை நிபுணர் ரெங்கராஜ். “என்ன திலகா, உன் கிருமி உன் மருந்துக்கு அடங்க மாட்டேங்குதே?”

“என் கிருமின்னு சொல்லாதீங்க சார்.”

“நீதானே பேர் கண்டுபிடிச்சே. பெத்தவளே கோவிச்சா எப்படி?”

அவர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெள்ளைக் கோட்டின் நுனியில் துடைத்தார். கெட்ட செய்தி சொல்லுமுன் அவர் செய்கிற காரியம் அது. ஆஸ்பத்திரி முழுக்க அதற்குப் பயப்படும்.

“அஞ்சு மணிக்குத் தியேட்டர் சொல்லிட்டேன். தோளோட எடுத்துடறேன். கை போனாலும் ஆள் மிஞ்சுவான். கையை வெச்சுக்கிட்டு வேடிக்கை பார்த்தோம்னா நாளைக்கு ரெண்டும் இருக்காது.”

“நேத்துதானே சார் கீறி, அழுகினதையெல்லாம் எடுத்தீங்க?”

“எடுத்தேன். நான் எடுக்க எடுக்க அது மேல ஏறுது. நான் நடக்கிறேன், அது ஓடுது.”

கட்டிலின் மறுபுறம் நின்ற இளம்பெண், கணவனின் நெற்றியில் ஈரத் துணியை மாற்றிப் போட்டாள். ஷர்லி. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. தியேட்டர் என்ற சொல் காதில் விழுந்தும் அவள் அழவில்லை. இடது கையில் சுருட்டிப் பிடித்திருந்த ஜெபமாலைப் பையை மட்டும் இன்னும் இறுக்கினாள்.

“அவுக சோத்துக் கை அது,” என்றாள் மெதுவாக. “அந்தக் கையாலதான் நண்டு பிரிக்கிறது.”

திலகவதி படியிறங்கி ஓடினாள். லிஃப்ட்டுக்குக் காத்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது.

அருள்தாஸ் ஜெகதாப்பட்டினத்து நண்டு கம்பெனியில் வேலை பார்ப்பவன். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப் படகுகள் கொண்டுவரும் நண்டுதான் இப்போது அங்கே பிழைப்பு. கூடையில் கைவிட்டுப் பெரிசு, சிறுசு பிரிக்கும்போது ஒரு நண்டு அவன் பெருவிரலில் குத்தியது. உதறிவிட்டு வேலையைப் பார்த்தான். மறுநாள் விடிகாலை கை வீங்கிக் கருங்கொப்புளம் போட, ஆம்புலன்ஸில் புதுக்கோட்டைக்குத் தூக்கி வந்தார்கள்.

அந்தக் கொப்புளத்து நீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவள் திலகவதி. இந்த ஆஸ்பத்திரியின் நுண்ணுயிரியல் டாக்டர். காற்புள்ளி மாதிரி வளைந்த உடம்பு, பின்னால் ஒரு வால், சும்மா இருக்கத் தெரியாத ஓட்டம். உப்பில்லாத தட்டில் வளரவில்லை. உப்பு போட்ட தட்டில் ஒரே ராத்திரியில் மண்டியது. விப்ரியோ வல்னிஃபிகஸ். வெயில் காலத்துக் கடலில் வெதுவெதுப்பான தண்ணீரில் பெருகுகிற கிருமி. மைக்ராஸ்கோப்பில் பார்த்த அன்றைக்கே மருந்தை மாற்றச் சொன்னதும் அவள்தான்.

மருந்து சரியான மருந்து. அதுதான் அவளைத் தின்றது.

லேபுக்குள் நுழைந்ததும் மருந்தைச் சோதிக்கப் போட்ட தட்டை மறுபடி எடுத்துப் பார்த்தாள். மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி ஒன்றுகூட இல்லாமல் வட்டமாக வெளுத்துக் கிடந்தது. தட்டில் சாகிறது. உடம்பில் ஏன் சாகவில்லை?

இன்னொரு கேள்வி அதைவிட மோசம். அதே கூடை, அதே நண்டு, அதே தண்ணீர். அன்றைக்குக் குத்து வாங்கியவர்கள் நாலு பேர். மற்ற மூன்று பேரும் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்கள். இவனை மட்டும் ஏன் இப்படித் தின்கிறது?

“மேடம், டியூப் ரெடி. வந்து கண்ணால பாருங்க,” என்று கூப்பிட்டான் டெக்னீஷியன் குணசேகரன்.

காலையில் வந்ததுமே அவள் ஆரம்பித்துவைத்த வேலை அது. மூன்று கண்ணாடிக் குழாய்கள். ஒன்றில் அவளுடைய ரத்தத்திலிருந்து பிரித்த சீரம். ஒன்றில் குணசேகரனுடையது. மூன்றாவதில் அருள்தாஸ் வந்து சேர்ந்த அன்று, மருந்து ஏற்றுமுன் எடுத்த ரத்தத்தின் சீரம். மூன்றிலும் அதே கிருமியை ஒரே அளவு விட்டிருந்தாள்.

“என்னுதுல ஒண்ணுமே வளரலை மேடம். நான்தான் சொன்னேனே, என்னைக் கொசுகூடக் கடிக்காது.”

“உங்களைக் கடிச்சா அதுக்குத்தான் ஆபத்து. தள்ளுங்க.”

அவளுடைய குழாயும் தெளிவாக இருந்தது. மூன்றாவது குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கஞ்சித் தண்ணீர்.

திலகவதி அதை மெல்ல ஆட்டிப் பார்த்தாள்; கலங்கல் சுழன்றது.

அந்தக் கிருமிக்கு மனித உடம்பில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. சர்க்கரை கிடைக்கிறது, புரதம் கிடைக்கிறது, இளஞ்சூடு கிடைக்கிறது. ஒரே ஒரு சரக்கு மட்டும் இல்லாவிட்டால் அதனால் ஒரு குட்டிகூடப் போட முடியாது. இரும்பு. சாப்பிட்டதை எரித்துச் சக்தியாக்க இரும்பு வேண்டும். தன்னையே இரண்டாகப் பிளந்து பெருகவும் இரும்பு வேண்டும். உடம்புக்கும் அது தெரியும். அதனால் இருக்கிற இரும்பையெல்லாம் புரதங்களுக்குள் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறது. பசித்த கிருமி என்ன செய்யும்? தூண்டில் போடும். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சின்னஞ்சிறு மூலக்கூறுகளைச் செய்து வெளியே வீசும்; கவ்விக்கொண்டு வந்ததை உள்ளே இழுத்துக்கொள்ளும். நல்ல உடம்பில் பெரும்பாலும் தூண்டில் காலியாகத்தான் திரும்பும். பட்டினியில் அது தள்ளாடும்போது வெள்ளையணுக்கள் வந்து வேலையை முடித்துவிடும்.

அந்த மூன்று பேருக்கும் நடந்தது அதுதான். இருபது நிமிஷத்தில் ஒன்று இரண்டாகிற கிருமிக்கு வயிறு நிறைய இரும்பு கிடைத்தால் நடப்பது அருள்தாஸுக்கு நடக்கிறது.

“குணா, உங்க சீரத்துல ஒரு சொட்டு இரும்பு உப்பு விட்டுத் தனியா வெச்சோமே, அந்த நாலாவது குழாய்?”

குணசேகரன் எடுத்துக் காட்டினான். அதுவும் கலங்கியிருந்தது.

“அப்ப என் ரத்தத்துலயும் வளருமா மேடம்?” அவன் குரலில் இப்போது கேலி இல்லை.

“இரும்பு குடுத்தா யார் ரத்தத்துலயும் வளரும். மருந்து ஒரு பக்கம் கொன்னுக்கிட்டிருக்கு குணா. இன்னொரு பக்கம் எவரோ அதுக்குப் பந்தி போட்டுப் பரிமாறுறாங்க.”

அவள் மறுபடி மாடிக்கு ஓடினாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் அருள்தாஸின் அம்மா சந்தனமேரி. மடியில் ஒரு ஃபிளாஸ்க். திலகவதியின் பார்வை அதன்மேல் விழுந்தது.

“இதுல என்னங்க?”

“சூப்புங்க டாக்டரம்மா. சுவரொட்டி சூப்பு. ரத்தம் ஊறும்னு...”

ஆட்டு மண்ணீரல். இரும்பு மூட்டை! திலகவதி ஃபிளாஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டாள். “இதைத்தான் குடுத்துக்கிட்டிருக்கீங்களா அவருக்கு? சத்து மாத்திரை, டானிக்கு, பேரீச்சம்பழம் ஏதாச்சும்?”

“அய்யோ, அவனுக்கெங்க குடுக்கிறது? எனக்குத்தான் தல சுத்துதுன்னு பக்கத்து வீட்டுப் பிள்ளை குடுத்துவிட்டுச்சு. இன்னும் ஒரு வாயி குடிக்கலை, இவன் இப்படிக் கெடக்கும்போது எனக்கு எங்கிட்டு எறங்கும்?”

கதவைத் திறந்துகொண்டு வந்த நர்ஸ் பிரகதாம்பாள் அந்தப் பேச்சை முடித்துவைத்தாள். “மேடம், பேஷன்ட்டுக்கு வாய் வழியா வந்ததுலேருந்தே ஒண்ணும் கிடையாது. எல்லாம் டிரிப்ஸ்தான். தண்ணிகூட உதட்டுல தொட்டு வைக்கிறதோட சரி.”

திலகவதி ஃபிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தாள். அதைப் பிடுங்கிய வேகத்துக்கு வெட்கமாக இருந்தது.

“உங்க மகனுக்கு முன்னாடி ஏதாச்சும் வியாதி? கல்லீரல், மஞ்சள் காமாலை, குடிப்பழக்கம்...”

“அன்னைக்கே கேட்டீங்களே. ஒரு தலைவலி மாத்திரை போட்ட புள்ள இல்லங்க.” பதில் சட்டென்று வந்தது. கண் மட்டும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், மருமகள் நின்ற இடத்துக்குப் போய்த் திரும்பியது.

உள்ளே ஷர்லி கணவனின் லுங்கியை மாற்றிக்கொண்டிருந்தாள். நோயாளியை உருட்டாமல், புண் கையை அசைக்காமல், ஒரு பக்கத்தைச் சுருட்டி மறுபக்கத்தால் இழுத்து.

“இந்தப் பொண்ணு பரவால்ல மேடம்,” என்றாள் பிரகதாம்பாள். “நம்ம ஆயாவுக்குக்கூட இப்படி வராது. வேளை தவறாம ஸ்கிரீனை இழுத்து விட்டுக்கிட்டு உடம்பு துடைச்சு விடுது. என் வீட்டுக்காரருக்கு ஒடம்புக்கு முடியலைன்னா நான் இதுல பாதி செய்ய மாட்டேன்.”

திலகவதிக்கு அது காதில் ஏறவில்லை. அவள் கண் கட்டிலுக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையில் நின்றது. செங்கல்லைக் கரைத்து ஊற்றினதுபோல் ஒரு சிவப்பு.

“தசை அழுகுதுல்ல, அதான் அந்தக் கலர்,” என்றார் உள்ளே வந்த ரெங்கராஜ். “இல்லேன்னா ரத்தம். அதைப் பார்த்து நேரத்தை வீணாக்காதே. அம்மா கையெழுத்துப் போடணும், அதைப் பேசி முடி.”

நேரத்தை வீணாக்கினாள். ஒரு சிரிஞ்சில் உறிஞ்சிக்கொண்டு மறுபடி கீழே ஓடினாள். சோதனைப் பட்டையை நனைத்துவிட்டு அதையே வெறித்தாள். ரத்தம் இருந்தால் அதிலுள்ள ஒரு கட்டம் பச்சையாகும். அழுகிய தசையின் சாயம் கலந்திருந்தாலும் பச்சையாகும். கட்டம் மஞ்சளாகவே இருந்தது.

“ரத்தமே இல்லை மேடம்,” என்றான் குணசேகரன். “பீட்ரூட் கீட்ரூட் சாப்பிட்டாரோ?”

“சாப்பிடவே இல்லைய்யா அந்த ஆளு!”

அவள் குரல் லேபில் எதிரொலித்தது. குணசேகரன் ஓரடி பின்வாங்கினான்.

ரத்தமில்லாத சிவப்பு. எங்கேயோ பார்த்திருக்கிறாள். படிக்கிற காலத்தில், குழந்தைகள் வார்டில். வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு ரத்தப் பை, வெளுத்த சின்ன முகங்கள். தலசீமியா. சொந்தமாக நல்ல ரத்தம் செய்யத் தெரியாத உடம்புகள்; மாதா மாதம் அடுத்தவர் ரத்தம் ஏற்றியே வளர்கிற பிள்ளைகள். ஏற்றுகிற ரத்தத்தோடு சேர்ந்து இரும்பும் உடம்பில் படிந்துகொண்டே போகும். படிந்த இரும்பு இதயத்தை நிறுத்திவிடும். அதை இழுத்து வெளியேற்ற வயிற்றுத் தோலுக்கடியில் ஓர் ஊசி மருந்து போடுவார்கள். போட்ட பிள்ளைகளின் சிறுநீர் இதே செங்கல் சிவப்பில் போகும்.

அந்த மருந்து எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் சொல்லிக் கேட்டதும் ஞாபகத்துக்கு வந்தது.

டெஸ்ஃபெரியாக்ஸமின். மனிதன் கண்டுபிடித்ததல்ல. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் தனக்கு இரும்பு பிடிக்கச் செய்துகொண்ட தூண்டில் அது. அதைத்தான் எடுத்து மருந்தாக்கி வைத்திருக்கிறோம். ஒரு கிருமி வீசிய தூண்டிலை இன்னொரு கிருமி இழுத்துச் சாப்பிடாதா? சாப்பிடும். இந்தக் கடல் கிருமிக்கு அதை இழுக்கத் தெரியும்.

இரும்பை வெளியேற்றுகிறோம் என்று நினைத்து, கவ்விய தூண்டிலை அப்படியே கிருமியின் வாயில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அதுவும் இந்த ஆஸ்பத்திரிக்குள், இன்றைக்கும். பையில் அந்தச் சிவப்பு இன்னும் புதுசாக இறங்கிக்கொண்டிருக்கிறதே!

மேலே வந்து போர்வையை விலக்கினாள். தொப்புளைச் சுற்றி மிளகு மிளகாக நீலத் தழும்புகள். ஒன்றின் தலையில் காயாத ரத்தப் புள்ளி.

“அது ரத்தம் கட்டாம இருக்கப் போடுற ஊசி மேடம்,” என்றாள் பிரகதாம்பாள். “ஆபரேஷன் கேசுக்கெல்லாம் போடுவோமே.”

“இவருக்கு எழுதியிருக்கா?”

நர்ஸ் நோட்டைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். முகம் மாறியது. “இல்லையே மேடம்... நான் முந்தின டூட்டிக்காரங்க போட்டாங்கன்னு நெனச்சேன்.”

முந்தின டூட்டிக்காரர்கள் இவள் போட்டதாக நினைத்திருப்பார்கள். திலகவதிக்குக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

சந்தனமேரியின் கையைப் பிடித்து மாடிப்படித் திருப்பத்துக்கு இழுத்துப்போனாள்.

“அம்மா, உங்க மகனுக்கு எந்த வயசுலேருந்து ரத்தம் ஏத்துறீங்க?”

“என்ன ரத்தம்... யாருக்கு...”

“மதுரையா, தஞ்சாவூரா?”

சந்தனமேரி கழுத்தைத் திருப்பி வார்டுக் கதவைப் பார்த்தாள். “மெதுவாப் பேசுங்க டாக்டரம்மா. அவ காதுல விழுந்துரப் போகுது.”

“அஞ்சு மணிக்குக் கையை எடுக்கப் போறாங்க. இப்ப எவ காதைப் பத்திக் கவலை?”

“தஞ்சாவூர்தான்,” என்று உடைந்தாள் அவள். “ரெண்டு வயசுலேருந்து. கல்யாணம் பேசுறப்ப இதைச் சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்? அதுவும் அவ வீடு ஏற்கெனவே ஒரு புள்ளையத் தூக்கிக் குடுத்த வீடு. இவளுக்கு ஒரு தம்பி, ஏதோ காய்ச்சல்ல போயிட்டானாம். அந்தச் சனங்கக்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்? மாசத்துக்கு ஒருக்கா கம்பெனி வேலையா தஞ்சாவூர் போறேன்னுட்டுப் போயி ஏத்திக்கிட்டு வருவான். ஊசியைக் கம்பெனி ஐஸ் பொட்டிக்குப் பின்னால ஒளிச்சு வெச்சு அவனே போட்டுக்குவான்.”

“வந்த அன்னைக்கே நான் கேட்டேனே!”

“அவ பக்கத்துலயே நின்னாளே டாக்டரம்மா!”

திலகவதி பல்லைக் கடித்துக்கொண்டாள். “சரி. இங்க வந்தப்புறம் எத்தனை ஊசி போட்டீங்க?”

சந்தனமேரி நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் பொய் இல்லை. வேறொரு பயம் இருந்தது.

“எங்கங்க போடுறது? அவதான் அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்காளே. ஒருக்காகூடப் போட முடியலை. அந்த மருந்து நின்னுபோனா இருதயம் நின்னுரும்னு தஞ்சாவூர் டாக்டர் சொல்லியிருக்காரு. அந்த ஏக்கத்துலதான் எனக்குத் தலை சுத்துது. நீங்களாச்சும் மருமகளுக்குத் தெரியாம ஒண்ணு போட்டு விடுவீங்களா? உங்களைக் கும்புடுறேன்.”

“நீங்க போடலை?”

“சந்தியாகப்பர் சத்தியமா இல்ல.”

அப்படியானால்?

வேளை தவறாமல் ஸ்கிரீனை இழுத்துவிட்டுக்கொள்கிறது இந்தப் பெண். பிரகதாம்பாள் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது.

திலகவதி படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள். வார்டுக்குள் கட்டிலைச் சுற்றி ஸ்கிரீன் இழுத்து விடப்பட்டிருந்தது. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் குனிந்த ஒரு நிழல்.

துணியை விலக்கினாள்.

ஜெபமாலைப் பை கட்டிலில் திறந்து கிடந்தது. உள்ளே ஜெபமாலையோடு சேர்ந்து சின்னச் சின்ன மருந்துக் குப்பிகள். ஷர்லியின் இடது கை கணவனின் வயிற்றுத் தோலை மடித்துப் பிடித்திருந்தது. வலது கையில் மருந்தேற்றிய சிரிஞ்சு. ஊசி முனை தோலைத் தொட இன்னும் ஒரு நெல்லளவுதான் பாக்கி.

“அதைக் குத்துனீங்கன்னா,” என்றாள் திலகவதி, மூச்சு வாங்க, “அவர் கை இன்னைக்குப் போயிடும்.”

ஷர்லியின் கை நின்றது. ஆனால் ஊசியை எடுக்கவில்லை.

“குத்தலைன்னா உசுரு போயிரும்,” என்றாள். “உங்களுக்கு இது என்ன மருந்துன்னு தெரியாது டாக்டர்.”

“தெரியும். உங்க மாமியார் இப்பத்தான் எல்லாத்தையும் சொன்னாங்க. இத்தனை நாளா நீங்கதானா?”

“அத்தை சொன்னாகளா?” முதல் தடவையாக அவள் முகம் கலைந்தது. “எனக்குத் தெரியும்னு அவுககிட்ட...”

“நான் ஒண்ணும் சொல்லலை. ஊசியைக் குடுங்க முதல்ல.”

“ஒரு நாள் விடக்கூடாது டாக்டர் இதை. விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்.”

திலகவதி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவள் வாழ்க்கையிலேயே மிக வேகமாக எடுத்த பாடம் அதுதான். கிருமிக்கு இரும்புப் பசி. மருந்து ஒரு தூண்டில். தூண்டிலில் மாட்டிய இரும்பு சிறுநீரில் இறங்குமுன் வழியிலேயே கிருமி அதை உருவிக்கொள்கிறது. ஊசி போட்ட ஒவ்வொரு தடவையும் சிவப்பு இன்னொரு கோட்டைத் தாண்டியிருக்கிறது. “நாலு நாள் இதை நிறுத்தினா இருதயத்துக்கு ஒண்ணும் ஆகாது. கிருமி செத்தப்புறம் வேற மருந்து தாரோம். வாயில போடுற மாத்திரை, அது இந்தக் கிருமிக்குத் தீனி ஆகாது. தூண்டில் போடுற ஊரு உங்க ஊரு. நான் சொல்றது புரியுதா?”

ஷர்லி தன் கையிலிருந்த சிரிஞ்சைப் பார்த்தாள். பிறகு கணவனின் கையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருந்த நீலக் கோடுகளைப் பார்த்தாள். மேலே வரை பார்த்துக்கொண்டே போனாள்.

“நானா?” என்றாள்.

திலகவதி அவள் விரல்களிலிருந்து ஊசியை மெல்ல உருவிக்கொண்டாள்.

ரெங்கராஜ் முழுக் கதையையும் நின்றபடியே கேட்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். 

“போட்டது உடம்பை விட்டுப் போகச் சில மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் இவன் தாங்கணும்,” என்றார். “தியேட்டரைத் தயாரா வெச்சிருக்கேன். நான் இந்த நாற்காலியை விட்டு நகர மாட்டேன். உன் கோட்டை ஒரு நூல் தாண்டினாலும் உன்னைக் கேக்க மாட்டேன் திலகா, தூக்கிட்டுப் போயிருவேன்.”

“கேக்க வேண்டாம் சார்.”

ஐந்து மணி வந்தது. சிவப்பு கோட்டை முட்டிக்கொண்டு நின்றது. தியேட்டரிலிருந்து ஆள் வந்து கதவருகே நின்றான். ரெங்கராஜ் குனிந்து, விரலை வைத்து அளந்து, கையை ஆட்டி அவனைப் போகச் சொன்னார். திலகவதி உட்காரவில்லை, ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டேயிருந்தாள். சிறுநீர்ப் பையில் இறங்கிய சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளிறிப் பழுப்பாகி, பிறகு மஞ்சளானது. கையிலிருந்த சிவப்பு மட்டும் கோட்டைத் தொட்டுக்கொண்டே இருந்தது. தாண்டவில்லை.

விடிந்தபோது கோட்டுக்குக் கீழே தோல் சுருங்கத் தொடங்கியிருந்தது. புதுத் துணி துவைத்ததுபோல ஒரு சுருக்கம். ரெங்கராஜ் அதைத் தடவிப் பார்த்தார்.

“பெருவிரல் தேறாது. மத்ததைக் காப்பாத்திடலாம்,” என்றவர், “உன் கிருமிக்குச் சோத்தை நிறுத்திட்டே போல,” என்று வெள்ளைக் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

அருள்தாஸ் கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, “நண்டெல்லாம் ஐஸ்ல போட்டாச்சா?”

“போட்டாச்சு, பேசாமப் படுங்க,” என்றாள் ஷர்லி. சொல்லிவிட்டு வெளியே வந்து நடைபாதைக் குழாயடியில் முகத்தைக் கழுவினாள். கழுவினாள், கழுவினாள், தண்ணீரை மூடவேயில்லை. திலகவதி பின்னால் வந்து குழாயை மூடினாள். பெஞ்சில் சந்தனமேரி வாய் பிளந்து உறங்கிக்கொண்டிருந்தாள்.

“அவருக்குத்தான் நினைவு வந்திருச்சே, எல்லாத்தையும் சொல்லிட வேண்டியதுதானே?”

“வேணாம் டாக்டர். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு அவுக ரெண்டு பேரும் எம்புட்டுப் பாடு படுறாக தெரியுமா? தஞ்சாவூர் போய் வந்தா எனக்கு ஒரு முழம் பூ வாங்காம வர மாட்டாக. மறைக்கிறோமேங்கிற குத்த உணர்ச்சி. அதைக் கெடுக்க மனசு வரலை.”

“சரி, ஐஸ் பொட்டிக்குப் பின்னால பார்த்துக் கண்டுபிடிச்சிருப்பீங்க. ஆனா ஊசி? தோலை மடிச்ச விதம், மருந்து கரைச்ச விதம். நானே அப்படிப் போட மாட்டேன். யார்கிட்டக் கத்துக்கிட்டீங்க?”

ஷர்லி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். தூங்கும் மாமியாரை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

“என் தம்பி காய்ச்சல்ல சாகலை டாக்டர். ஊருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கோம். ரெண்டு மாசம் இந்த ஊசி வாங்க வழியில்லாமப் போச்சு. அதுக்கு முன்னாடி எட்டு வருசம் அவனுக்கு நான்தான் போட்டேன், தஞ்சாவூர்ல, அந்த வார்டுல. பக்கத்துக் கட்டில்ல ஒருத்தவுக ரத்தம் ஏறும்போதே என் தம்பிக்குக் காகிதத்துல நண்டு செஞ்சு குடுப்பாக. நான் தட்டிக்குப் பின்னால நிப்பேன். என்னை அவுக பார்த்ததே கிடையாது.”

அவள் வார்டுக் கதவைப் பார்த்தாள்.

“அந்த மாப்பிள்ளைதான் வேணும்னு எங்க வீட்டுல அடம் பிடிச்சது நான் டாக்டர்.”